நாற்பதாம் நாள் மீன்

“டேய் வேலப்பா, நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. இது அதே மீன்தானா?”

முதலாளி கருணாகரன் வேலப்பன் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் மூக்கு இடிக்கக் குனிந்து நின்றார். பக்கத்தில் அத்தாவுல்லா பாய், வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல நிதானமாக நின்றார்.

வேலப்பனுக்கு வியர்த்தது. “அதேதான் மொதலாளி. நாப்பது நாளா இதுகூடத்தானே குடித்தனம் பண்ணிக்கினு கீறேன்!”

கொழும்புக் கப்பல்காரன் ஒருவன் கொடுத்த மீன் அது. குட்டி ஏஞ்சல் என்றான். கட்டைவிரல் நீளம், ஊதா உடம்பு, மஞ்சள் முகம். கடல்மீன் வீட்டுத் தொட்டியில் நாற்பது நாள் தாங்குமா, தாங்காதா? இரண்டு வியாபாரிகளும் துறைமுகத்து டீக்கடையில் கைகளைத் துண்டால் மூடி, விரல் பிடித்துப் பந்தயம் பேசி முடித்தார்கள். துண்டுக்கு வெளியே கசிந்தது இவ்வளவுதான்: பாய் தோற்றால் அவர் படகு போகும், கருணாகரன் தோற்றால் எண்ணூர் உப்புக் கிடங்கு போகும்.

மீனை வளர்க்க, இருந்த பதினெட்டு ஆட்களில் வேலப்பனைத்தான் முதலாளி பொறுக்கி எடுத்தார். “பந்தயம் நம்ம பக்கம் வந்தா கிடங்குக்கு நீதான் மேஸ்திரி” என்றார். கிடங்கு கைமாறினால்? கூலி வேலையும் போச்சு.

செம்புக் குடத்துத் தண்ணீர் மீனுக்கு விஷம் என்று கப்பல்காரன் சொல்லியிருந்தான். வேலப்பன் மண்பானையில் தினமும் இரண்டு நடை கடல்தண்ணீர் சுமந்தான். இறாலைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டான். அப்படியும் நேற்றுக் காலை மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

மனைவி வரலட்சுமி கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். அதே கப்பல் மறுபடியும் துறைமுகத்துக்கு வந்திருந்தது நல்ல காலம். கம்மல் போயிற்று, புது ஏஞ்சல் வந்தது. செத்ததைப் பூனை தின்றது.

“மூஞ்சில மஞ்சள் தூக்கலா கீதேடா?” என்றார் கருணாகரன்.

“நல்லா துன்னுது மொதலாளி. தேறிடுச்சு.”

“வாலு நீளமா கீது?”

“வாலும் வளரும் இல்லே?”

பாய் சிரித்தார். “வுடு கருணாகரா. மீனுக்கு ஜாதகமா பாக்கறே? ஆளைப் பேஜார் பண்ணாதே.”

பாய் ஏன் பரிந்து பேசுகிறார் என்று வேலப்பன் யோசித்தான். வாயைக் கிளறப் பார்க்கிறாரோ?

கருணாகரன் வரலட்சுமி பக்கம் திரும்பினார். “கம்மல் எங்கேம்மா?”

“காது புண்ணாயிடுச்சுங்க. கழட்டி வெச்சிருக்கேன்.”

அவர் வேலப்பனின் தோளை அழுத்தி, குரலைத் தாழ்த்தினார். “மாத்தியிருந்தா சொல்லிடு. உன்னை ஒண்ணும் பண்ணமாட்டேன்.”

சோதிக்கிறார் என்று வேலப்பனுக்குப் புரிந்தது. “மாத்தலே மொதலாளி!”

“அப்போ கற்பூரம் கொளுத்து. அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணு.”

வரலட்சுமி கற்பூரத்தை எடுத்து வந்தாள். இரண்டு தீக்குச்சி அணைந்து, மூன்றாவதுதான் பற்றியது. கற்பூரம் எரிந்தது. சாமி, கண்ணை மூடிக்கோ என்று மனசுக்குள் கும்பிட்டு, வேலப்பன் ஓங்கி அடித்து அணைத்தான்.

“அதே மீனுதான்! சத்தியம்!”

கருணாகரன் நீளமாகப் பெருமூச்சு விட்டார். மடியிலிருந்து கிடங்குச் சாவியை எடுத்தார். மேஸ்திரி வேலப்பன் சுட்ட கையை நீட்டினான். சாவி அவனைத் தாண்டிப் பாய் கைக்குப் போயிற்று.

“இன்னா மொதலாளி இது? மீனுதான் உயிரோட கீதே!”

“அதான்டா என் தலையெழுத்து! மீன் பொழைக்கும்னு கட்டினவர் பாய். ஒரு கோழிக்குஞ்சைக்கூட ஒழுங்கா வளக்கத் தெரியாத உன்னை நம்பி, செத்துடும்னு கட்டினவன் நான்!”