லிஃப்டில் முளைத்த நாலாம் எண்

“இதெல்லாம் ஒரு நாவலாம்மா? சின்னப் பிள்ளைங்க லிஃப்டுல ஏறி வேற உலகத்துக்குப் போகுதாம்.”

கார்த்திகேசு அந்தத் தொண்ணூற்றாறு பக்கப் புத்தகத்தை மேசை ஓரத்துக்குத் தள்ளினார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் எழுத்தாளர் சங்கத்து மாடியறை. நாவல் போட்டிக்கு அன்று முடிவெடுக்க வேண்டும். நடுவர்கள் இரண்டே பேர். ஒருவர் கார்த்திகேசு, ஷா ஆலமில் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், விமர்சனத்தில் பெயர் எடுத்தவர். இன்னொருவர் கல்லூரி விரிவுரையாளர் உஷாராணி. எழுதிக்கொள்ளச் செயலாளர் விமலன்.

கடைசிச் சுற்றில் இரண்டு புத்தகங்கள், பேப்பரிலும் அறிவித்தாகிவிட்டது. லிஃப்டுக் கதை கிள்ளான் விஷ்ணுப்ரியாவுடையது. இருபத்துமூன்று வயசு, முதல் புத்தகம். மற்றது செமினி சின்னையாவின் நானூறு பக்க ரப்பர் தோட்டப்புற நாவல். ஜெயிக்கிற புத்தகத்தைச் சங்கமே வாங்கித் தமிழ்ப்பள்ளிகளுக்கெல்லாம் கொடுக்கும். தோற்றால் அந்தப் பெண்ணின் புத்தகம் அவள் கட்டிலுக்கு அடியில் பெட்டி பெட்டியாகக் கிடக்க வேண்டியதுதான். பிள்ளைகள் கண்ணில் படாது.

உண்மையைச் சொல்வதென்றால், கார்த்திகேசு அந்தக் கதையில் சொக்கிப் போயிருந்தார். சீனர்களுக்கு நாலு என்றால் சாவு எண், அதனால் நம் ஊரில் பாதி லிஃப்டுகளில் நாலு என்று இருக்காது, ‘3ஏ’தான். கதையில் ஒருநாள் நாலு என்று ஒரு பட்டன் முளைத்திருக்கிறது. மூன்று பிள்ளைகள் அமுக்கிவிடுகிறார்கள். கதவு திறந்தால் மழை கீழேயிருந்து மேலே பெய்கிற ஓர் உலகம். அவர்களில் ஒரு சிறுமியின் செத்துப்போன நாய் அங்கே வாலாட்டிக்கொண்டு நிற்கிறது. அதை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டுமே என்று அந்தச் சிறுமி தவிக்கிற இடத்தில், மனுசன் ரயிலிலேயே அழுதுவிட்டார். தாமான் ஜெயாவில் இறங்க வேண்டியவர் கெலானா ஜெயாவில் போய் இறங்கினார். திரும்பி வரும்போது முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

சின்னையாவின் நாவலில் பதினோராம் பக்கத்தில் தூக்கம் வந்தது. அதோடு சரி.

இதை உஷாராணி முன்னால் சொல்ல முடியுமா? முப்பது வருசமாகக் கட்டிக்காத்த பெயர் என்ன ஆவது?

“நீங்க என்னம்மா நினைக்கிறீங்க?”

“அந்த நாய் வர்ற இடம் மட்டும்...” என்று ஆரம்பித்த உஷாராணி, அவர் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றினார். “இல்ல சார், நீங்க சொல்றது சரிதான். விளையாட்டுத்தனமா இருக்கு. சின்னையாவோடது நம்ம மக்களோட ரத்தமும் வேர்வையும்லா.”

அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. விமலன் நடுவர் அறிக்கைக்குச் சின்னையா நாவலைப் பற்றி இரண்டு வரி கேட்டான். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை கீழே வைக்க முடியவில்லை, இறுதி அத்தியாயம் எங்களைக் கலங்கடித்தது என்று கார்த்திகேசு வாய் கூசாமல் சொன்னார். ‘உலுக்கிவிட்டது’ என்று போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார் உஷாராணி. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

நல்ல சேதி சொல்ல விமலன் சின்னையாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

“தம்பி, நானே கூப்பிடணும்னு இருந்தேன், மன்னிச்சிருங்க. பிரிண்டிங்ல நடந்த தப்பு, இன்னைக்குத்தான் பாத்தேன். உங்களுக்கு அனுப்பின கட்டு முழுக்க நாப்பதாம் பக்கத்துக்கு மேல வெறும் வெள்ளைத் தாளு.”

கார்த்திகேசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உஷாராணி கைப்பைக்குள் எதையோ தேடினார்.

“பாவம், நடுவருங்க படிக்க உக்காந்து ஏமாந்திருப்பாங்க. படிக்காத புக்குக்கு எப்படிப் பரிசு கொடுப்பாங்க? அந்தக் கிள்ளான் புள்ளைக்கே கொடுக்கச் சொல்லுங்க. அந்த லிஃப்டுக் கதைய நானே ரெண்டு தடவ படிச்சேன் தம்பி. சொல்றதுக்கு என்ன வெக்கம்?”