குழாயடித் தண்ணீர்

காத்தான்குடியில் தங்கை இர்ஷானாவுக்குச் சீதனமாகக் கொடுக்க அக்ரம் கட்டிய வீட்டை மாப்பிள்ளையின் தாய் ஜெஸீலா உம்மா பார்க்க வந்தாள். மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியிலிருந்து வரும் குழாய் கூரையைத் துளைத்து இறங்கும் இடத்தில் ஈரம் படிந்திருந்தது.

“ஒழுகுற ஊட்டயா என்ட மகனுக்குத் தாறீங்க?” என்று உதட்டைச் சுழித்துவிட்டுப் போனாள்.

அக்ரமுக்கு அவமானமாக இருந்தது. மேலே ஏறி, குழாயைச் சுற்றியிருந்த பழைய சீமெந்தை உடைத்தெடுத்தான். தண்ணீர் புகாத பூச்சை வலைத்துணியோடு சேர்த்துப் பூசினான். காய்ந்ததும் வாளியால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தான்.

“காக்கா, ஒரு சொட்டும் இல்ல!” என்று கீழேயிருந்து இர்ஷானா அண்ணனுக்குக் கத்தினாள்.

மறுவாரம் வந்த ஜெஸீலா உம்மா ஒழுக்கு நின்றதை நம்பாமல் மொட்டைமாடிக்கே ஏறினாள். மழையே இல்லாத கடும் வெயில். ஆனாலும் குழாயடியில் தண்ணீர் தேங்கி நின்றது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். ஊரார் ஆறு என்று சொல்லும் வாவியின் தண்ணீரைப் போல உப்புக் கரித்தது.

“ஆத்துத் தண்ணிய ஊத்தி வெச்சி ஆரப் பேய்க்காட்டுற தம்பி?”

அக்ரம் தும்புத்தடியால் தண்ணீரைக் கூட்டித் தள்ளினான். பூச்சில் ஒரு வெடிப்பும் இல்லை. ஆனால் தண்ணீர் மறுபடி ஊறி அவளுடைய பாதங்களை நனைத்தது. குழாயைச் சுற்றி மீன்குஞ்சுகள் நீந்தின.

“மீனும் வளக்கிறயா? இந்த ஊட்டுக்கு என்ட மகன் வரமாட்டான்” என்று ஏளனமாகச் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

படிகளில் அவளுடைய ஈரக் காலடிகள் பதிந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மீன்குஞ்சு அமைதியாக நீந்திக்கொண்டிருந்தது.