நிற்கிறவன்

பக்கத்து சீட் ஞானசேகர் எழுதுகிற புரோகிராமும் அவனைப் போலத்தான். டேட்டாபேஸிடம் ஒன்று கேட்டால், பதில் வரும்வரை வேறெதையும் தொடாமல் உறைந்து நிற்கும். எதிர் சீட் திவாகருடையது கேட்டுவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கும். பதில் வந்ததும் எடுத்துக்கொள்ளும்.

டேட்டாபேஸைக் கவனிக்கிற பூங்கோதையிடம், தன்னைக் கல்யாணம் கட்டிக்கொள்ளச் சொல்லி இருவருமே கேட்டிருந்தார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்பதை விடுங்கள். கேட்ட நாளிலிருந்து ஞானசேகருக்கு அவள் மேசையோரமே கதி. திவாகரோ கேன்டீனில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தான்.

“கேட்டவன் மாதிரியா இருக்கான், பாருங்கக்கா!” என்று, அவள் மேசைக்கு ஒரு வேலையாக வந்த என்னிடம் ஞானசேகர் பொருமினான்.

“அவன் சிரிச்சா உனக்கு ஏம்ப்பா வயிறு எரியுது?” என்றேன்.

பூங்கோதை தலையைத் தூக்கினாள். “இன்னும் எதுக்கு இங்கயே நிக்கிறீங்க, ஞானம்? நீங்க கேட்டதுக்கு உங்க சிஸ்டத்துக்கு நேத்தே பதில் அனுப்பிட்டேனே. சீட்டுக்குப் போனாத்தானே தெரியும்!”

அவன் தன் சீட்டைப் பார்த்து ஓரடி வைத்தான். அதற்குள் கேன்டீன் கதவைத் தள்ளிக்கொண்டு, திவாகர் அவள் மேசையை நோக்கி வந்தான். ஞானசேகர் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.