சிங்கப்பூர் அக்கா

"அக்காதான் வந்துட்டாங்களே. இனிமே என்ன சாக்கு சொல்லப் போறீங்க, தம்பி?"

மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே சொர்ணம்மாள் கேட்டாள். பாலா தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாமே என்று முணுமுணுத்தான். வெட்கப்படுகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"அடுத்த தடவைங்கிற பேச்சே வேணாம். இன்னிக்கு ஏர்போர்ட் போற வழியில இங்க வர்றாங்கல்ல? வந்ததும் பூ வச்சிடுவோம்."

ரங்கூன் லான்மடா பேட்டையில் வீட்டு முன்கூடத்தையே மெஸ்ஸாக்கி நடத்துகிறவள் சொர்ணம்மாள். புருஷன் போன பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த அடுப்பும் மகள் புஷ்பலதாவும்தான். பாலா சிங்கப்பூர்க்காரன். கம்பெனி செலவில் பர்மியப் பாஷை படிக்க வந்தவன், விடுதிச் சாப்பாடு பிடிக்காமல் இங்கே வந்து சேர்ந்தான். பாதிப் பாஷையைக் கற்றுக்கொடுத்தது புஷ்பலதா. பர்மாக்காரப் பெண்கள் புருஷனைக் கூப்பிடுகிற தினுசில் அவள் 'கோ பாலா' என்று கூப்பிட ஆரம்பித்ததும் தெருவுக்கே விஷயம் தெரிந்துபோயிற்று.

அதற்கு மேல் எந்தத் தாய் சும்மா இருப்பாள்? கல்யாணப் பேச்சை எடுத்தாள். தாய் தகப்பன் இல்லையாம். அக்கா ஒருத்திதானாம். அவள் வந்துதான் பேச வேண்டுமாம். அந்த அக்காவுக்கோ லீவே கிடைக்கவில்லையாம். ஊர் வாயில் விழுந்த பெண்ணை இவனை விட்டால் எவன் கட்டுவான் என்ற பயத்தில் சொர்ணம்மாளுக்கு ஆறு மாதமாகச் சரியான தூக்கம் கிடையாது.

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல, வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பெண் பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். புஷ்பலதா அப்போது பாலாவின் பக்கத்தில் உட்கார்ந்து மீனில் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். யாரம்மா என்று சொர்ணம்மாள் கேட்டு முடிப்பதற்குள் அவன் எழுந்துவிட்டான்.

"அக்கா... எங்க அக்கா. சிங்கப்பூர்லேருந்து வந்திருக்காங்க."

வந்தவள் அவனைப் பார்த்தாள். புஷ்பலதாவைப் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பெஞ்சியில் உட்கார்ந்தாள். பெயர் வசுமதி. சேர்ந்தாற்போல மூன்று நாள் லீவு கிடைத்ததால் சொல்லாமல் கிளம்பி வந்தாளாம். விடுதியில் விசாரித்தபோது இந்த மெஸ்ஸைக் கை காட்டினார்களாம்.

வெளிநாட்டுக்காரரை வீட்டில் தங்கவைக்க இங்கே சட்டம் இடம் கொடுக்காது. ஓட்டலில்தான் தங்கினாள். ஆனால் பகல் முழுக்க அவளை விட்டு ஓர் அடி நகரக் கூடாது என்று புஷ்பலதாவுக்குச் சொர்ணம்மாளின் உத்தரவு. நாத்தனார் மனசில் இடம் பிடித்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. சனிக்கிழமை ஷ்வேடகோன் கோயிலைச் சுற்றும்போதும் அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் புஷ்பலதாதான் நடந்தாள்.

வசுமதி அதிகம் பேசவில்லை. அவருக்கு இப்போது என்ன பிடிக்கும், காய்ச்சல் வந்தால் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மட்டும் கேட்டாளாம். தெரிந்த தமிழில் புஷ்பலதா எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல, தலை வலிக்கிறது என்று பாதியிலேயே ஓட்டலுக்குப் போய்விட்டாளாம்.

சொர்ணம்மாள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். மெஸ் நடத்துகிற வீடு என்று இளப்பமோ? பெண்ணுக்கு வயசு கூட என்று சந்தேகமோ? ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடி என்பார்கள். அவள் சொன்னது ஒரே ஒரு பொய்தான். மகள் வயசில் இரண்டைக் குறைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வாடகைக் கார் வந்து நின்றது. வசுமதி இறங்கி வந்தாள். சொர்ணம்மாள் கண், அன்றைக்குத்தான் துணிக்கு வெளியே தெரிந்த அவள் கழுத்துத் தாலியில் போய் நின்றது. சுமங்கலி, நல்ல சகுனம்.

"உங்க வீட்டுக்காரர் கூட வரலையாம்மா?"

"அவர் வெளிநாட்டுல இருக்கார். ஒரு வருஷம் ஆச்சு."

பிரிவு தெரிந்தவள், என் மகளைக் காக்கவைக்க மாட்டாள் என்று சொர்ணம்மாளுக்குத் தெம்பு வந்தது. வெற்றிலை, பழம், பர்மாப் பெண்கள் இடுப்பில் கட்டுகிற பட்டுத் தமேன், மல்லிகைச் சரம் எல்லாம் வைத்த தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"உங்க கையால பூ வச்சிருங்க, அது போதும். தை மாசம் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போடட்டும். மத்த ரெண்டும் நாத்தனார் நீங்க வந்து போடணும்."

புஷ்பலதா பர்மா வழக்கப்படி மண்டியிட்டு, தரையில் நெற்றி பட அவளைக் கும்பிட்டாள். வசுமதி குனிந்து அவளைத் தூக்கி நிறுத்தினாள். பிறகு பாலாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் வாசல் பக்கம் திரும்பி, கார்க்காரன் காத்திருக்கிறான் என்றான்.

வசுமதி தட்டைத் திருப்பிச் சொர்ணம்மாளிடமே கொடுத்தாள்.

"நான் பூ வைக்கக் கூடாதும்மா."

சொர்ணம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எம் பொண்ணுகிட்ட என்ன குறை கண்டீங்க? எதுவானாலும் சொல்லிருங்க."

"உங்க பொண்ணு தங்கம். அவமேல ஒரு குறையும் இல்லை. இவரே வாயைத் திறப்பாருன்னு மூணு நாளாப் பார்த்தேன்." அவள் தாலியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "இவருக்கு நிஜமாவே ஒரு அக்கா இருக்காங்க, சிங்கப்பூர்ல. என் கல்யாணத்துல மத்த ரெண்டு முடிச்சையும் போட்டது அவங்கதான்."