படியில் ஒரு கால்

"நாலாயிரம் ரியேல். ஒரு ஐஸ் காப்பிக் காசு. குடுத்துட்டு ஏறுங்க பெரியப்பா, பஸ் கிளம்பணும்."

"ரசீது குடு, தர்றேன்."

சாரூன் ஒரு காலைப் பேருந்தின் படியிலும் மறு காலை வியட்நாம் மண்ணிலும் ஊன்றியிருந்தார். கதவை மூட வழியில்லை. நான்கு ஜாடி ஊறவைத்த மீனோடு அவருடைய பெட்டி கீழே உட்கார்ந்திருந்தது. புனோம் பென்னில் கேட்காத கூலியை எல்லை தாண்டியதும் கேட்பது எந்த ஊர்ச் சட்டம் என்பது அவர் கேள்வி. கூலி பெட்டிக்கு இல்லை, வாசனைக்கு என்பது நடத்துநர் விச்செட்டின் பதில்.

ஜன்னலோரம் இருந்த தாவ்ரி கழுத்துக் கட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மணி ஒன்று பத்து.

நாலரைக்குச் சைகோனில் டாக்டர். இன்றைக்கு அவருக்கு அவள்தான் கடைசி நோயாளி. பிறகு அவர் புத்தாண்டு விடுமுறைக்குப் போய்விடுவார். திரும்பப் பத்து நாளாகும். கட்டிக்குப் பத்து நாள் பொறுமை உண்டா என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. விடியும் முன்பே ஊரில் வேன் ஏறி, புனோம் பென்னில் இந்த மலிவுப் பேருந்துக்கு மாறியிருந்தாள். பண்டிகை நெரிசலில் இன்னும் மூன்று மணி நேரமாவது ஆகும். காலையில் பக்கத்து இருக்கைப் பெண் மிளகாய் உப்போடு நீட்டிய மாங்காய்த் துண்டு இன்னும் தொண்டையிலேயே நிற்பதுபோல் இருந்தது.

இந்தப் பேருந்து யாருக்காகவும் நிற்காது என்று விச்செட் காலையிலேயே சொல்லிவிட்டான். "போன மாசம் ஒரு பிட்சுவையே எல்லையில விட்டுட்டு வந்தோம். நல்ல வேளை, அவருக்குக் கோபம் வரக்கூடாது."

தலை எண்ணும் பழக்கமும் அவனுக்கில்லை. எல்லையில் குடிநுழைவுச் சோதனை முடிந்து ஆட்கள் ஏறியதும், அவரவர் பக்கத்து இருக்கையைப் பாருங்கள், ஆள் இல்லையென்றால் இப்போதே சொல்லுங்கள், அவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பலாம் என்றான். எல்லாரும் பக்கத்தில் பார்த்தார்கள். தாவ்ரி கடிகாரத்தைப் பார்த்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார்.

அப்போதுதான் எதிர் வரிசையிலிருந்து சாரூன் எழுந்து, பெட்டி ஏறியதா என்று பார்க்க வேண்டும் என்று இறங்கினார். ஏறியிருந்த பெட்டியை மறுபடி இறக்க வைத்தார். அதில் பிறந்ததுதான் இந்தக் கூலி வழக்கு.

இப்போது அவர் பயணச்சீட்டைத் திருப்பி, பின்பக்கக் குட்டி எழுத்தைப் படிக்க ஆரம்பித்திருந்தார். அதற்குமுன் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். அது அவர் நெற்றியிலேயே இருந்தது. ஒவ்வொரு விதியாக, சத்தமாக, அச்சகத்தின் தொலைபேசி எண்ணைக்கூட விடாமல் படித்தார்.

"பெரியப்பா, ஜாடியில இருக்கிற மீனைவிட நீங்கதான் நல்லா ஊறியிருக்கீங்க," என்றது பின்வரிசை. பேருந்தே சிரித்தது.

தாவ்ரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்று இருபது. எழுந்து வாசலுக்குப் போய், நாலாயிரத்தை விச்செட்டிடம் நீட்டினாள்.

சாரூன் அவள் கையைத் தடுத்தார். "என் பெட்டிக்கு நீ ஏம்மா குடுக்கணும்?"

"எனக்கு நாலரைக்கு டாக்டர். இன்னிக்கு விட்டா பத்து நாள். இது உயிர் விஷயம், பெரியப்பா." நாலாயிரத்தை மறுபடி நீட்டினாள். "நாலாயிரத்துக்காக ஒருத்தி உயிரோட விளையாடுறீங்களே, நீங்கள்லாம் மனுஷனா?"

அவர் முகம் வாடியது. படியிலிருந்த கால் பாதி எழுந்தது. குடிநுழைவுக் கட்டடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கால் மறுபடி படியில் அமர்ந்தது.

"எட்டாவது விதி," என்று தொடர்ந்தார்.

தாவ்ரி இருக்கைக்குத் திரும்பினாள். மருத்துவ ஃபைலைப் பக்கத்தில் வைத்து, அது ஓடிவிடும்போல் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இப்படியும் ஒரு கல் நெஞ்சமா என்று பேருந்து முழுக்க அவளுக்காகப் பேசியது.

ஒன்பதாவது விதியில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது.

செருப்பைக் கையில் பிடித்தபடி ஒல்லியான பெண் ஒருத்தி மூச்சிரைக்க வந்து நின்றாள். இரண்டு கைகளும் மணிக்கட்டுவரை நனைந்திருந்தன.

"முந்திரி உடைக்கிற கை அண்ணா. அந்தப் பால் பட்டுப் பட்டு ரேகையே போயிடுச்சு. மெஷின்ல விழவே மாட்டேன்னுது. மூணு தடவை கழுவிட்டு வரச் சொன்னாங்க." பேருந்தைத் தடவிப் பார்த்தாள். "போயிருப்பீங்கன்னு நெனச்சேன். திரும்பி ஊருக்குப் போகக்கூடக் கையில காசில்ல."

சாரூன் பயணச்சீட்டை மடித்தார். சட்டைப் பையிலிருந்து, முன்பே மடித்துத் தயாராக வைத்திருந்த நாலாயிரத்தை எடுத்து விச்செட்டின் கையில் வைத்தார்.

"ரசீது வேணாமா?" என்றான் அவன் கிண்டலாக.

"வேணாம்பா. போலாம்."

கதவு மூடியது. எப்படியும் நாலேகாலுக்குள் சைகோனில் சேர்த்துவிடுவேன் என்றார் ஓட்டுநர், யாரும் கேட்காமலே.

சாரூன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து தாவ்ரியின் அருகில் நின்றார். அவருக்குப் பின்னால் அந்தப் பெண் நின்றாள். அவளுக்குக் கேட்காதபடி அவர் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அந்த ஃபைலை எடுத்து மடியில வெச்சுக்கம்மா. காலையில உனக்கு மாங்காய் குடுத்த பொண்ணு உட்காரணும்."