ஆறாவது கையெழுத்து

“அஞ்சு வீட்டுக்காரங்க சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டுட்டாங்க. இந்தக் கடிகாரக்காரர்தான் முறைக்கிறார்” என்றார் தரகர், வீடு வாங்க வந்த வெளிநாட்டுத் தம்பதியிடம்.

பிற நாட்டவர் வீடு வாங்க வேண்டுமானால், அக்கம்பக்கத்து ஆறு வீட்டாரும் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். விண்ணப்பத்தை ஒப்படைக்க இன்று மாலை ஐந்து மணியே கடைசி. தவறினால் அனுமதி காலாவதியாகிவிடும்.

மனைவியின் செவியில் இவை எதுவும் விழவில்லை. கல்லும் மண்ணும் இன்றி நெஞ்சுக்குள்ளேயே கோயில் எழுப்பும் அடியார்போல, அவள் ஒரு மாதமாக மனத்தளவில் அந்த வீட்டில்தான் குடியிருந்தாள். மாடிப்படியில் இறங்கி வரும் வெயில். சமையலறைச் சன்னலை உரசும் கிளை. கூடத்துச் சுவரில், ஊசல் அசையாமல் நின்றுபோன பெரிய கடிகாரம்.

“நாம குடிவர்ற வரைக்கும் அங்கே நேரம்கூடக் காத்துக்கிட்டிருக்குங்க” என்று தூக்கத்திலும் சொல்வாள்.

பதினோரு ஆண்டுகளை வாடகை அறைகளிலேயே கழித்தவள். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்கக் கணவனுக்குக் கடிகாரக்காரர்மேல் ஆத்திரம் பொங்கியது. அவளையும் அழைத்துக்கொண்டு நேரே கடிகாரக் கடைக்குள் நுழைந்தான்.

“ஏன் சார், நாங்க வெளியாளுங்கன்னுதானே கையெழுத்துப் போட மாட்டேங்கறீங்க?”

கண்ணில் செருகிய உருப்பெருக்கியை எடுக்காமலே, “ஆமா. வெளியாளுங்கன்னுதான்” என்றார் கடிகாரக்காரர்.

“பாத்தியா? மூஞ்சிக்கு நேராவே சொல்றாரு!”

“உள்ளூர்க்காரனா இருந்தா எனக்கென்ன கவலை? அவன் அந்த வாசப்படியையே மிதிக்க மாட்டான்.”

கணவன் விழித்தான். கடிகாரக்காரர் உருப்பெருக்கியைக் கழற்றிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“கூடத்துக் கடிகாரத்தைப் பாத்தியாம்மா?”

“ம்… எவ்வளவு அழகு! பாவம், நின்னு போச்சு.”

“மூணு தடவை நான்தான் ஓட வெச்சேன். நாலு மாசம் ஓடும், நின்னுடும். ஊசல் கடிகாரம் நேரா நிக்கணும்மா, சாஞ்சா ஓடாது. கடிகாரத்துல ஒரு கோளாறும் இல்லை. சுவர்தான் சாயுது. அஸ்திவாரம் வருஷா வருஷம் மண்ணுக்குள்ள இறங்கிட்டிருக்கு.”

கடையிலிருந்த கடிகாரங்கள் அத்தனையும் ஒருசேர உரக்க ஒலிப்பதாக அவளுக்குத் தோன்றியது. நெஞ்சுக்குள் மாடிப்படி வெயில் மெல்ல அணைந்தது.

“அப்போ, சிரிச்சுக்கிட்டே போட்டாங்களே அந்த அஞ்சு பேரும்…”

“தெருவுக்கே தெரியும்மா.”

“முன்னாடியே எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?” கணவனின் குரல் தழைந்திருந்தது.

“என் வாயைக் கட்டிப் போட்டிருந்தாங்க. கை மட்டும்தான் என் வசம் இருந்துச்சு. இப்ப இந்தப் பொண்ணு முகத்தைப் பாத்ததும் வாயும் அவிழ்ந்துடுச்சு” என்று சிரித்தார். “அனுமதி போனாப் போகட்டும், மறுபடி வாங்கிக்கலாம். வேற வீடு பாருங்க. இதே தெருவா இருந்தா முதல் கையெழுத்து என்னுது.”

அப்போது, வீட்டை விற்பவர் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தார். இவர்களைக் கவனிக்கவே இல்லை.

“மணி நாலாச்சுடா! கூடப்பிறந்த அண்ணன் வீடு விலைபோக ஒரு கையெழுத்துப் போட்டா, உன் கை தேஞ்சா போயிடும்?”