முளைக்காத சட்டி

விளைந்த கோதுமையை மறுபடி விதைத்தால் முளைக்காது. விதைக் கம்பெனி அப்படித்தான் செய்து வைத்திருந்தது. வருஷா வருஷம் புது விதைதான் வாங்கவேண்டும். ஊரில் அதை விற்கும் ஏஜென்ட் கருத்தப்பாண்டி. கோயில் கமிட்டித் தலைவரும் அவரே.

அம்மன் பொங்கலுக்குச் செண்பகவல்லி விரதமிருந்து, வழக்கத்தை மீறாமல் சொந்தக் காட்டில் விளைந்த கோதுமையையே முளைப்பாரிச் சட்டியில் போட்டாள். ஒன்றுகூட முளைக்கவில்லை. மற்ற பெண்கள் கருத்தப்பாண்டி கடை விதையை ரகசியமாக வாங்கிப் போட்டிருந்ததால், அவர்கள் சட்டியெல்லாம் பச்சை.

கமிட்டியில் கருத்தப்பாண்டி தொண்டையைச் செருமினார்.

"விரதத்துல சுத்தமில்லைன்னா ஆத்தா காட்டிக் குடுத்துருவா. குத்தப் பணம் கட்டிட்டுப் போம்மா."

அத்தனை வெள்ளை வேட்டிகளும் தலையாட்டின. விஷயம் தெரியாதவன் அதில் ஒருவனும் இல்லை. கோதுமை முளைக்கத்தான் கம்பெனி அனுமதி வேணும், இதுகளுக்குத் தலையாட்ட வேண்டாம்போல, என்று நினைத்துக்கொண்டாள் செண்பகவல்லி.

மறுநாள் காலை சட்டியைத் தலையில் சுமந்துபோய், அவர் கடையில் விதை மூட்டைகளுக்கு நடுவே இறக்கிவைத்துக் குலவை போட்டாள். தெருவே கூடிவிட்டது.

"அதே கோதுமைதான் அண்ணாச்சி. நீங்கதான் ரொம்பச் சுத்தமாச்சே, விரதமிருந்து முளைக்க வச்சுக் காட்டுங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் கையை உயர்த்தினாள்.

"விரதக்காரர் வியாபாரம் பண்ணக் கூடாது. மொதல்ல ஷட்டரை இறக்குங்க."